திரவமானியின் கோடுகள்

எருமப்பட்டியில் நான் முதன்முதலாகக் கண்ட திரவமானி பால் சங்கத்தினுடையது. விடியற்காலையில் குழாயில் பாலை ஊற்றிக் கண்ணாடிக் கோலை மிதக்கவிடுவார்கள். எழுத்தர் குனிந்து "முப்பது" என்பார். எதன் முப்பது என்று வெகுநாள் எனக்கு விளங்கவில்லை. 1.030 என்னும் ஒப்படர்த்தியின் வால் மட்டுமே அது, தண்ணீர் 1.000.

மேலைநாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்போரின் திரவமானியில் இதேபோன்ற அளவுகோல்கள் மூன்று அருகருகே இருக்கும். முதலாவது ஒப்படர்த்தி. இரண்டாவது கரைந்துள்ள சர்க்கரையின் எடைச் சதவீதம். பிராகாவில் கார்ல் பாலிங் 1843இல் வகுத்ததைப் பின்னர் பிரிக்ஸும் பிளாட்டோவும் செம்மை செய்தனர். மூன்றாவது, அச்சர்க்கரையிலிருந்து கிடைக்கக்கூடிய ஆல்கஹால். இந்தக் 'கூடிய' என்ற சொல்லைக் கவனிக்கத் தவறுவோர்தாம் ஏமாறுகிறார்கள். கோல் மதுவை அறியாது. அடர்த்தியை மட்டுமே அறியும். பதநீரில் உயர்ந்து நிற்கும் கோல், அதுவே புளித்துக் கள்ளானபின் தாழ்ந்து நிற்கும். 1.050இல் தொடங்கி 1.010இல் முடிந்தால் அந்த இறக்கமே கணக்கு: ஏறத்தாழ 5 சதவீத ஆல்கஹால். ஒற்றை அளவீடு இங்கே எதையும் சொல்லாது.

வடித்த சாராயத்தின் கதை வேறு. அதில் சர்க்கரை இல்லை. வெப்பநிலை தெரிந்தால் ஒரே அளவீடு போதும். ஆகவே வரி வசூலிப்போர் திரவமானியைக் கைக்கொண்டனர். சைக்ஸ் என்பவரின் பித்தளைக் கருவியை 1816இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமாக்கியது. கன அளவில் 57.1 சதவீத ஆல்கஹாலை 'புரூஃப்' என வைத்து, அதற்கு எத்தனை பாகை மேல், எத்தனை பாகை கீழ் என்று எண்ணினார்கள். சென்னை மாகாணத்து ஆப்காரித் துறையும் இந்தக் கணக்கில்தான் சாராயத்தை அளந்தது. பூஜ்யம் இயற்கை இட்ட கோடன்று. வரிக்காக இடப்பட்ட கோடு.

அந்தக் கணக்கு முதலில் முறிந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையம் ஆசிரமத்தில் 1925 முதல் மதுவிலக்குக்காக உழைத்த ராஜாஜி, பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை இங்கேதான் தொடங்கினார். (எருமப்பட்டியும் அப்போது சேலத்தைச் சேர்ந்ததே. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்.) இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. திரவமானி ஈட்டித்தந்த பணத்தைக் கடைச்சீட்டு ஈட்டத் தொடங்கிய வரலாறு அது. மதுவிலக்கைப் பேசும் நம்மவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை.

1937ஆம் ஆண்டுச் சட்டம், பல திருத்தங்களோடு, இன்னும் இருக்கிறது. அதன்படி வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். அரசு நிறுவனமோ 2003 முதல் சில்லறைக் கடைகளைத் தானே நடத்துகிறது. அங்கே விற்கும் பிராந்திப் புட்டியில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். ஏன் 40 அல்ல, 45 அல்ல என்று நண்பர் ஒருவர் கேட்டார். 57.1இல் முக்கால் பங்கு 42.8, அதாவது சைக்ஸின் கோட்டுக்கு 25 பாகை கீழே. பிரிட்டன் அந்தக் கணக்கை 1980இல் கைவிட்டுவிட்டது.