புத்தளக் கரையில் பெண்களின் போதை மீட்சி: தடுப்பு இல்லத்திலிருந்து சிகிச்சை இல்லத்தை நோக்கி

வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம் என்று கற்பிட்டி முனை வரை நீளும் கடலோரத்துக்கும் போதைக்கும் உள்ள தொடர்பு பழையது. தெற்கே தென்னை, அதனால் கள்ளும் சாராயமும். வடக்கே களப்பும் கண்டல் காடும், அதனால் கசிப்பும், பின்னாளில் படகில் வந்திறங்கும் கேரளக் கஞ்சாவும். இதைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் குடிப்பவன் ஆண், அழுபவள் பெண். குடிக்கிற பெண்ணும், ஹெரோயினுக்கோ ஐஸுக்கோ அடிமைப்பட்ட பெண்ணும் சிகிச்சைக்குரியவளாக எப்போது கணக்கில் வந்தாள் என்பதே இக்கட்டுரை கேட்கும் கேள்வி. விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். அவளுக்கு முதலில் கிடைத்தது காவல். மருத்துவம் அதற்கு நூறாண்டுக்கு மேல் பிந்தியது, வந்தபோதும் அவளை மனத்தில் வைத்து வரவில்லை.

பிரித்தானியர் 1841 இல் இயற்றிய 4 ஆம் இலக்க நாடோடிகள் கட்டளைச் சட்டம் இந்தக் கதையின் தொடக்கம். பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடப்பவர், பிழைக்க வழியின்றி அலைபவர், பாலியல் தொழிலில் ஈடுபடும் பெண் எல்லோரையும் அது ஒரே வலையில் வாரிக்கொண்டது. 1907 இல் தடுத்து வைக்கும் இல்லங்களுக்கென்று தனிக் கட்டளைச் சட்டம் வந்தது. தெருவில் பிடிபடும் பெண்ணை நீதவானின் கட்டளைப்படி ஓரிடத்தில் அடைத்து வைக்க இவை வழி செய்தன. கங்கொடவிலவில் உள்ள ‘மெத் செவன’ இந்த மரபில் வந்த அரச இல்லமே. அங்கே அனுப்பப்படும் பெண் போதைக்கு அடிமைப்பட்டவளா, வீட்டு வன்முறைக்குத் தப்பி ஓடியவளா, மனநோயாளியா என்று பிரித்துப் பார்க்கும் நோக்கம் மூலச் சட்டத்தில் இல்லை. வைத்தியர் கேட்க வேண்டிய கேள்வியைப் பொலிஸ்காரர் கேட்டார்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு முயற்சியும் நடந்தது. சீமாட்டி ஹென்றி சோமர்செட் 1895 இல் சரே மாவட்டத்தின் டக்ஸ்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் குடிக்கு அடிமையான பெண்களுக்காக ஒரு பண்ணைக் குடியிருப்பைத் தொடங்கினார். பெரிய விடுதிக்குப் பதிலாகச் சிறு குடில்கள், தோட்ட வேலை, அதே வளவில் பிள்ளைகளுக்கும் ஓர் இல்லம். மூன்று ஆண்டு கழித்து வந்த 1898 ஆம் ஆண்டின் குடிவெறியர் சட்டம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. நீதிமன்றம் குற்றவாளிகளைச் சீர்திருத்த நிலையங்களுக்கு அனுப்பியது, அனுப்பப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். குடித்த ஆண் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். குடித்த பெண் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்தாள். இரண்டு மாதிரிகளும் கண்முன் இருந்தபோது குடியேற்ற அரசு இலங்கைக்குக் கொண்டுவந்தது பூட்டிய கதவைத்தான். டக்ஸ்ஹர்ஸ்டின் பிள்ளைகள் இல்லம் இங்கே வரவேயில்லை. இந்த இழப்பைச் சிறிதாக எண்ண முடியவில்லை, ஏனென்றால் பின்னர் பேசவேண்டிய முக்கியத் தடை பிள்ளைகள்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. 1904 இலும், 1912 இல் கலால் கட்டளைச் சட்டம் தவறணைகளைப் பெருக்கியபோதும், சேனாநாயக்க சகோதரர்கள் முதலானோர் மேடையேறினர். இயக்கத்தின் அரசியல் பலன் பெரிது, வரலாற்றாசிரியர்கள் அதை நிறையவே எழுதியிருக்கிறார்கள். மதுவிலக்குப் பேச்சில் வந்த பெண்ணோ எப்போதும் மனைவி அல்லது தாய், கணவனின் கூலி தவறணையில் கரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பவள். அவளே குடித்தால் என்ன செய்வது என்பதற்கு அங்கே இடமில்லை. இடம் கொடுத்திருந்தால் வாதமே பலவீனப்பட்டிருக்கும். குடிக்காத பெண்ணின் தூய்மைதானே குடிக்கிற ஆணுக்கு எதிரான சாட்சி!

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பார்வை சட்டத்தில் ஒட்டிக்கொண்டது. தவறணையில் பெண்களுக்கு மது விற்கக்கூடாது, பெண்களை அங்கே வேலைக்கு வைக்கக்கூடாது என்ற 1950களின் கலால் விதி ஏட்டில் நின்றது, நடைமுறையில் தளர்ந்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த அறிவித்தலைத் திரும்பப் பெறச் சொன்னார். அந்த ஜனவரியின் விவாதம் முழுவதும் பெண்ணுக்குக் குடிக்கும் உரிமை உண்டா, பண்பாடு கெடுமா என்பதைச் சுற்றியே ஓடியது. ஏற்கெனவே குடித்து ஈரல் கெட்டுப்போன பெண் எந்த வைத்தியசாலையில் சேர்வாள் என்பது விவாதத்தின் பொருளாகவில்லை.

எண்ணிக்கை குறைவு என்பதே வழக்கமான பதில். சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் 2015 இல் நடத்திய தொற்றா நோய் ஆய்வில், முந்தைய முப்பது நாளில் மது அருந்தியதாகச் சொன்ன ஆண்கள் ஏறத்தாழ நூற்றுக்கு 35, பெண்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. வீட்டு வாசலில் நின்று கேட்கும் கேள்விக்கு மாமியார் காதுபட எந்தப் பெண் ஆம் என்பாள்? அதே ஆய்வில் புகையிலை மெல்வதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு ஐவர் அளவில் இருந்தனர். வெற்றிலைத் தட்டத்தில் இருக்கும் புகையிலைக்கு வெட்கமில்லை, அதனால் அது எண்ணிக்கையில் வருகிறது. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் அலுவலகம் 2022 இல் வெளியிட்ட உலக அறிக்கை, ஐஸ் உள்ளிட்ட ஆம்பெட்டமின் வகைகளைப் பயன்படுத்துவோரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் பெண்கள் என்றும், அதற்காகச் சிகிச்சை பெறுவோரில் அவர்கள் ஏறத்தாழ கால்வாசிதான் என்றும் மதிப்பிட்டது. சிகிச்சைப் பதிவேட்டில் பெண் இல்லாததைக் கொண்டு பெண்ணுக்கு நோயே இல்லை என்று முடிவு கட்டும் பழக்கத்தை இனியாவது விடவேண்டும்.

இலங்கையில் நவீன சிகிச்சை இல்லங்களின் வரலாறு ஹெரோயினோடு தொடங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் கொழும்பிலும் சுற்றுலாக் கரைகளிலும் அது பரவியது. 1984 இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 11 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அதே ஆண்டு இன்னொரு திருத்தச் சட்டம் கடத்தலுக்கு மரண தண்டனை வரை விதித்தது. மருந்தும் தூக்குக் கயிறும் ஒரே ஆண்டில் பிறந்தன என்பதை மறக்காமல் இருப்பது நல்லது. சபையின் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் எழுந்தன. நான்கில் ஒன்றும் புத்தளம் மாவட்டத்தில் இல்லை. 1987 இல் குப்பியாவத்தே போதானந்த தேரர் தொடங்கிய ‘மிதுரு மிதுரோ’ இயக்கம் பெல்மதுளையை மையமாகக் கொண்டு குழு வாழ்வு முறையை வேரூன்றச் செய்தது. அதிகாலை எழுவது, கூட்டத்தில் ஒவ்வொருவரும் நேற்றைய தவறைச் சொல்வது, சமையல், துப்புரவு, தோட்டம் என்று முறைவைத்து வேலை செய்வது, பொறுப்பு ஏற ஏறப் பதவி ஏறுவது ஆகியவை இம்முறையின் அடிப்படை. அமெரிக்காவில் 1958 இல் தோன்றிய சினனான் என்ற போதை மீட்சி அமைப்பிலிருந்து கிளைத்த முறை இது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980 இல் டி.டி.ரங்கநாதன் பெயரில் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். குடியால் கணவரை இழந்தவர், அமெரிக்காவின் ஹேசல்டன் போதைச் சிகிச்சை நிறுவனத்தில் பயிற்சி பெற்றவர். நோயாளியின் குடும்பத்துக்கும் தனிச் சிகிச்சை வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது தமிழுலகில் பெரிய மாற்றம். குடிகாரனின் மனைவி என்பவளுக்கும் நோய் உண்டு, அவளுக்கும் ஆற்றுப்படுத்தல் வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்தே பரவியது. அதன் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். இந்த மாதிரி முழுவதும் வெளியே ஒரு மனைவி இருப்பாள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஓர் ஆண் மூன்று மாதம் உள்ளே இருந்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவள், ஞாயிற்றுக்கிழமை சோற்றுப் பொதியோடு வந்து காத்திருப்பவள், கடன்காரனைச் சமாளிப்பவள், வீடு திரும்பியவனுக்குக் காவல் இருப்பவள் எல்லாம் அவளே. உள்ளே இருப்பது பெண் என்றால் இந்த இடங்களில் யார் நிற்பார்? கூலியில்லாத ஒரு பெண்ணின் உழைப்பின் மேல்தான் ஆண்களின் சிகிச்சை இல்லங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. பெண்ணுக்கு அதே கட்டிடத்தில் இரண்டு கட்டில் ஒதுக்குவதால் சிகிச்சை வந்துவிடாது.

ஹேசல்டனே இதை உணர்ந்துதான் நடந்தது. 1949 இல் ஆண்களுக்காகத் தொடங்கிய அந்நிறுவனம் 1956 இல் ‘டியா லின்’ என்ற பெண்கள் இல்லத்தைத் தனி இடத்தில் திறந்தது. மருத்துவக் காரணங்களும் இதற்குத் துணை நிற்கின்றன. பெண் உடலில் நீர்ப்பங்கு குறைவு, அதனால் ஒரே அளவு மது அவள் இரத்தத்தில் அதிகச் செறிவோடு நிற்கும். முதல் குவளையிலிருந்து அடிமை நிலை வரையிலான காலம் பெண்ணுக்குச் சுருங்கியது. சிகிச்சைக்கு வரும் பெண்களில் பலர் அடி, வல்லுறவு, சிறுவயதுத் துன்புறுத்தல் ஆகியவற்றின் வடுக்களோடு வருகிறார்கள். கூட்டத்தில் எழுந்து எல்லோர் முன்னும் தவறைச் சொல்லச் சொல்லும் முறை ஆண்களிடம் பயன்படலாம். இப்படிப்பட்ட பெண்ணிடம் அது பழைய காயத்தைக் கிழிப்பதாகவே முடியும்.

புத்தளக் கரைக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் மிகப் பலர் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் ஓலைக் கொட்டில்களில் தங்கினர். வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போனவர்களில் பெண்கள் பெரும்பகுதி. உள்ளூர் முஸ்லிம்கள், உடப்புத் தமிழர், சிலாபம் தொடங்கித் தலவில வரையான கத்தோலிக்க மீனவர், மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் என்று இந்தக் கரையின் வாழ்க்கை பல அடுக்கானது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இதே களப்பும் கடலும் கடத்தல் பாதையாயின. கேரளக் கஞ்சா, பீடி இலை, இறக்குமதித் தடைக்குப் பின் உலர் மஞ்சள், அண்மையில் பிரிகாபலின் மாத்திரை ஆகியவற்றைக் கற்பிட்டிப் பக்கம் கைப்பற்றியதாகக் கடற்படை அடிக்கடி அறிவிக்கிறது. சரக்கு கடந்துபோகும் ஊரில் கொஞ்சம் தங்காமல் போகாது. கருவாட்டு வாடியில் உப்புக்கும் வெயிலுக்கும் நடுவே நாள் முழுக்க நின்று உழைக்கும் பெண்ணுக்கு இடுப்பு வலிக்கு யாரோ கொடுத்த மாத்திரை எப்போது இல்லாமல் முடியாத மாத்திரை ஆகிறது என்பது அவளுக்கே தெரியாமல் நடந்துவிடும்.

இவளுக்கு அரசு என்ன வைத்திருக்கிறது? 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் போதையில் தங்கியிருப்போரின் சிகிச்சையை ஒழுங்குபடுத்தி, தனியார் நிலையங்களுக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும் என்றது. நீதிமன்றம் வழியான கட்டாயச் சிகிச்சைக்கும் கதவு திறந்தது. அந்தக் கதவு பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காட்டுக்கும் சேனபுரவுக்கும் இட்டுச் சென்றது. முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு அமைப்பின் கைவசம் இருந்தவை அவை, படையினரின் கை ஓங்கியவை. 2020 ஜூலையில் கந்தக்காட்டில் கொரோனா பெருமளவில் பரவியது. 2022 ஜூனில் அங்கிருந்த ஒருவர் இறந்ததை அடுத்துக் கலவரம் வெடித்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். இடையில் 2021 இல், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முன்னாள் ஆணையாளர் அம்பிகா சற்குணநாதன் எழுதிய ஆய்வு இந்தக் கட்டாய முறையைக் கடுமையாக விமர்சித்தது. 2022 இல் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. திருத்தப்பட்டு 2023 ஜனவரியில் நிறைவேறிய சட்டமே இப்போது நடப்பில் உள்ளது. அதே ஆண்டு டிசம்பரில் பொலிஸாரின் ‘யுக்திய’ போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கி ஆயிரக்கணக்கானோர் கைதாகினர். சிறு பொதியோடு பிடிபடும் பெண் விளக்கமறியலுக்குப் போகிறாள். 1841 இன் பாதை பெயர் மாறித் தொடர்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஐக்கிய நாடுகள் 2010 இல் ஏற்றுக்கொண்ட பாங்கொக் விதிகளில் 62 ஆம் விதி, பெண்களுக்கே உரியதும் அதிர்ச்சி வடுக்களைக் கணக்கில் எடுப்பதுமான போதைச் சிகிச்சையைச் சிறைக்கு வெளியே, சமூகத்துக்குள் பெருக்கவேண்டும் என்கிறது. ஐ.நா. அமைப்புகள் பன்னிரண்டு சேர்ந்து 2012 இல் கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடும்படி கோரின. இந்த இரண்டு ஆவணங்களையும் இலங்கைச் சட்டவாக்கம் பொருட்படுத்தாமல் கடந்து போய்விட்டது.

நம்பிக்கைக்குரிய ஒரு சரடு சட்டத்தில் இல்லை, சாதாரண வைத்தியசாலையில் இருக்கிறது. 2005 இன் மனநலக் கொள்கைக்குப் பிறகு அங்கொடையில் குவிந்திருந்த சேவை மாவட்டங்களுக்கு இறங்கியது. சிலாபம், புத்தளம் வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குக்குப் போகும் பெண், ‘தலையிடிக்கு மருந்தெடுக்கப் போறன்’ என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக வைத்தியசாலைகளில் இயங்கும் ‘நட்பு நிலையம்’ இன்னொரு வாசல். போதைச் சிகிச்சை என்று பெயர்ப்பலகை மாட்டிய கட்டிடத்துக்குள் நுழையத் தயங்குபவள் இந்த வாசல்களில் தயங்கமாட்டாள். ஆனால் இவை வந்து போகும் இடங்கள். அடிப்பவனோடோ விற்பவனோடோ ஒரே கூரையின்கீழ் இருப்பவளுக்கு மாதக் கிளினிக் போதாது, அவளுக்குத் தங்குமிடம் வேண்டும்.

அந்தத் தங்குமிடத்தின் வடிவத்தை மேலே கண்ட வரலாறே வரைந்து தருகிறது. விருப்பத்தோடு வந்து, விருப்பத்தோடு போகக்கூடியது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கூடவே வைத்திருக்க இடம் தருவது, ஏனென்றால் பிள்ளையை நன்னடத்தைத் திணைக்களம் எடுத்துவிடும் என்ற பயம்தான் பல தாய்மாரை வாய்மூட வைக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் பேசக்கூடிய பெண் உத்தியோகத்தர்கள், தொழுகைக்கும் செபத்துக்கும் பூசைக்கும் தடையில்லாத நாள் ஒழுங்கு. திடீரென மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு வரக்கூடியவர்களுக்காக ஒரு வைத்தியசாலை அருகில் இருத்தல். வெளியேறியபின் ஓராண்டாவது வீடு தேடி வரும் தாதியும், கூலிக்கு ஒரு வேலையும். ஆடம்பரம் எதுவும் இதில் இல்லை. 1895 இல் சரேயின் டக்ஸ்ஹர்ஸ்டில் இதில் பாதி இருந்தது.

சுகாதாரம் 1987 இன் 13 ஆம் திருத்தத்தின்படி மாகாணங்களுக்குப் பகிரப்பட்ட துறை. எனவே கொழும்பு விழிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வடமேல் மாகாண சுகாதாரத் திணைக்களம் இந்தக் கரையில் நோயாளர் குறைந்துபோன ஒரு பிரதேச வைத்தியசாலையின் ஒரு விடுதியை இதற்கென ஒதுக்கலாம். புத்தளம், சிலாபம் பிரதேச செயலகங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பங்குச் சபைகளும் கோயில் அறங்காவலர்களும் ஒன்றுசேர்ந்து அதைக் கேட்கவேண்டும். அதுவரை, அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கமும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும் ஒவ்வொரு கிளினிக் சுவரிலும் தமிழில் எழுதப்பட்டிருக்கட்டும்.