பக்கவாத விலங்கு மாதிரிகளில் மூளைக் குருதியோட்டப் படமெடுப்பு

மூளைத் தமனி அடைபட்டபின் எங்கே எவ்வளவு இரத்தம் குறைகிறது, அடைப்பு நீங்கியதும் எவ்வளவு திரும்புகிறது என்பதை விலங்குகளில் அளந்து காட்டும் ஆய்வுமுறை.

மாதிரி: எலியின் கழுத்துத் தமனி வழியே முனை மழுங்கிய நைலான் இழையைச் செலுத்தி, நடுப் பெருமூளைத் தமனியின் வாயை அடைப்பர். இழையை உருவினால் ஓட்டம் மீளும்.

அளவுகள்: 100 கிராம் மூளைத்திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. இரத்தம் இயல்பு. 1970களில் பபூன் குரங்குகளில் நடந்த ஆய்வுகளில், இது 15–20 ஆகச் சரிந்தபோது மின்செயல்பாடு நின்றது. ஏறத்தாழ 10க்குக் கீழே செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறியது. இடைப்பட்ட, செயலிழந்தும் சாகாத திசுவை ஆஸ்ட்ரப், சீஷோ, சைமன் ஆகியோர் 1981இல் ‘புறநிழல்’ என்றனர். சிகிச்சையின் இலக்கு இதுவே.

முறைகள்: கதிரியக்கப் பதிவுப்படம் துல்லியமானது, ஆனால் விலங்கைக் கொன்று மூளையைச் சீவ வேண்டும், ஒருமுறைதான் அளக்கலாம். காந்த அதிர்வுப் படமெடுப்பு ஒரே விலங்கைப் பலமுறை பார்க்க உதவியது: 1990இல் பூனைகளில் நீர்ப்பரவல் படம் ஆரம்பநிலைச் சேதத்தைக் காட்டியது, 1992இல் தமனி இரத்த நீரையே காந்தத்தால் அடையாளமிட்டு எலிகளில் ஓட்டம் அளக்கப்பட்டது. லேசர் புள்ளிப்படம் மெலிதாக்கிய மண்டையோட்டின் மேல் ஒளிபாய்ச்சி, புள்ளிகள் மங்கும் அளவால் இரத்த வேகத்தைக் கணிக்கிறது. மேற்பரப்பு மட்டுமே தெரியும்.

வரம்புகள்: மயக்கமருந்தே குருதியோட்டத்தை மாற்றும். எலிமூளையில் வெண்பொருள் குறைவு. சோதனை எலிகள் பெரும்பாலும் இளையவை, நோயாளிகளோ முதியோர். எலியில் பலித்த பல மருந்துகள் மனிதரிடம் தோற்றன. இந்தியாவில் இத்தகைய சோதனைகள் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்படுகின்றன. நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை.