ஆய்வுகூடம் புகுந்த ஆற்றுமீன்

வரலாற்று மாணவரின் கவனத்தை ஈர்ப்பவை பெரும்பாலும் அரசுகளும் போர்களும் புரட்சிகளுமேயாகும். விஞ்ஞானக் கருத்துக்களுக்கும் வரலாறு உண்டென்பதும், அவ்வரலாறு சமூகத்தின் நம்பிக்கைகளை ஊடறுத்துச் செல்லவல்லது என்பதும் கலைப்பீடத்தவராகிய எம்மாற் பலவேளைகளில் மறக்கப்படுகின்றன. நான்கு சென்ரிமீற்றர் நீளமேயுள்ள ஒரு மீன், முளைய விருத்தி பற்றிய அறிவுக்கும் கூர்ப்புக் கொள்கைக்கும் ஆற்றிய பணியை நோக்குவதன்மூலம் இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடலின் நீளப்பாட்டில் நீலக் கோடுகள் ஓடும் இம்மீனை மேனாட்டார் வரிக்குதிரையின் பெயரால் அழைப்பர். நாம் வரிமீன் எனலாம். கிழக்கிந்தியக் கம்பனியில் வைத்தியராகப் பணியாற்றிய ஸ்கொத்லாந்தியர் பிரான்சிஸ் ஹமில்ற்றன், கங்கையாற்று மீன்கள் பற்றி 1822 இல் வெளியிட்ட நூலில் இதனை விபரித்தார். குடியேற்ற ஆட்சி தன் உடைமைகளைக் கணக்கெடுத்த காலம் அது. அக்கணக்கெடுப்பில் ஒரு வரியாக இடம்பெற்ற மீன், பின்னர் அழகு மீனாக மேனாட்டு இல்லங்களின் கண்ணாடித் தொட்டிகளைச் சென்றடைந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் பரம்பரையியலின் ஆய்வுப் பொருளாகப் பெரிதும் விளங்கியது பழ ஈ. அடுத்து வந்தோர் பக்றீரியாவையும் அதனைத் தாக்கும் வைரசையும் கையாண்டனர். எனினும், ஒற்றைக் கலமாகிய முட்டை மூளையும் இதயமும் கொண்ட உடலாவது எங்ஙனம் என்னும் வினாவுக்கு, முள்ளந்தண்டற்ற இவ்வுயிர்களால் முழு விடை தர இயலாது. எலியின் முளையமோ தாயின் வயிற்றுள் மறைந்து வளர்வது. இவ்விடர்ப்பாட்டுக்கு வழி கண்டவர் ஜோர்ஜ் ஸ்ரைசிங்கர்.

1927 இல் புடாபெஸ்ற் நகரிற் பிறந்த ஸ்ரைசிங்கர், நாசி ஆபத்துக்கு அஞ்சி அமெரிக்கா சென்ற யூதக் குடும்பத்தவர். வைரசுப் பரம்பரையியலிற் புகழீட்டிய அவர், 1960களின் பிற்பகுதியில் ஒறிகன் பல்கலைக்கழகத்தில் வரிமீனை ஆராயத் தொடங்கினார். அவர் தேர்வு காரணமற்றதன்று. இம்மீனின் முட்டைகள் உடலுக்கு வெளியே கருக்கட்டுபவை. முளையம் பளிங்குபோற் தெளிவானது. ஒரே நாளில் உடலமைப்பு உருப்பெற்று இதயந் துடிப்பதை நுணுக்குக்காட்டியிற் காணலாம். சில மாதங்களிலேயே குஞ்சு தாய்மையுறும்.

ஆயினும், மறைந்து நிற்கும் விகாரங்களை வெளிக்கொணர்வது எளிதன்று. அதற்கென அவர் வகுத்த முறை நுட்பமானது. விந்தின் பரம்பரைப் பொருளைப் புறஊதாக் கதிராற் செயலிழக்கச் செய்து, அவ்விந்தினால் முட்டையைத் தூண்டினார். பின்னர் அமுக்கத்தையோ வெப்பத்தையோ பிரயோகித்து, தாயின் நிறமூர்த்தங்களை இருமடங்காக்கினார். இவ்வாறு தாயிடமிருந்து மட்டுமே பிறந்த மீன்களைப் பெற்ற செய்தி 1981 இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பத்தாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பின் பயன் அது. 1984 இல் அவர் காலமானார். சார்ள்ஸ் கிம்மெல், மொன்ரி வெஸ்ரர்பீல்ட் முதலிய சகாக்கள் பணியைத் தொடர்ந்தனர். வெஸ்ரர்பீல்ட் தொகுத்த வளர்ப்புமுறைக் கைந்நூல் புதியவர்களுக்குப் பாடநூலாயிற்று.

பழ ஈ ஆய்வுக்காக 1995 இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கிறிஸ்ரியானே நியூஸ்லைன்-பொல்ஹாட், ஜேர்மனியின் ரியூபிங்கன் நகரில் வரிமீனின் விகாரங்களைப் பெருந்தொகையாகத் தேடினார். பொஸ்ரனில் வொல்ப்காங் டிறீவர் குழுவினரும் அவ்வாறே முயன்றனர். இவ்விரு முயற்சிகளின் பேறுகளும் 1996 டிசம்பரில் 'டெவலப்மென்ற்' இதழில் 37 கட்டுரைகளாக ஒருங்கே வெளிவந்தன.

முளையவியல் இவ்வாறு வளர, கூர்ப்பு ஆய்வும் பயன்பெற்றது. பரம்பரையலகுகள் இரட்டிப்பதே கூர்ப்பின் பெரு வாயில் என சுசுமு ஓனோ 1970 இல் எழுதியிருந்தார். உடலின் முன்பின் ஒழுங்கை வகுக்கும் 'ஹொக்ஸ்' அலகுத் தொகுதிகள் மனிதரில் நான்காக, வரிமீனிலோ ஏழு உள்ளமை 1998 இல் வெளியாயிற்று. என்புமீன்களின் மூதாதையரில் முழுப் பரம்பரைப் பொருளும் ஒருமுறை இரட்டித்து, பின் ஒரு தொகுதி அழிந்தமையே இதற்குக் காரணமாகும். 2016 இல் நீல் சூபினின் குழுவினர் குறித்த சில ஹொக்ஸ் அலகுகளை நீக்கியபோது மீனின் செட்டைக் கதிர்கள் குன்றின. எலியின் விரல்களை ஆக்குவதும் அவ்வலகுகளே. மீனின் செட்டைக்கும் எமது விரலுக்கும் இடையிலான உறவு உயிருள்ள முளையத்திலேயே இவ்வாறு புலப்பட்டது.

சமூகவியல் நோக்கில் இவற்றிலும் முக்கியமானது மற்றொன்று. தம் மீன்கள் தாயின் இயல்பையே பெற்றன எனக் காட்ட ஸ்ரைசிங்கர் பயன்படுத்திய அடையாளங்களுள் ஒன்று, வெளிறிய நிறமுடைய 'பொன்' விகாரம். அதற்குக் காரணமான அலகு 2005 இற் கண்டறியப்பட்டது. மனிதரிடமும் அவ்வலகு உண்டு. மனித அலகின் செய்தியை விகார முளையத்துட் செலுத்தியபோது மீன் கருநிறம் மீண்டது. இதே அலகில் ஓர் எழுத்து மாறிய வடிவம் ஐரோப்பியரிடையே ஏறத்தாழ முழுமையாகவும் தென்னாசியரிடையே பரவலாகவும் காணப்படுகிறது. மேனி வெளிறுவதற்கு அதுவும் ஒரு காரணம். மணப்பெண் சிவப்பா கறுப்பா என வினவும் எமது சமூகமும், நிறத்தை ஆளுந் தகுதியாகக் கொண்ட குடியேற்றவாதியும் பெருமை பாராட்டியது எதனை என்பதை இங்கு சிந்தித்தல் வேண்டும். ஒரு மீனும் பகிர்ந்துகொள்ளும் அலகில் நேர்ந்த சிறு மாற்றம், குலத்தின் உயர்வுக்குச் சான்றாதல் எங்ஙனம்?

ஸ்ரைசிங்கர் தோலின் நிறத்தை ஆராயப் புறப்பட்டவரல்லர். உடனடிப் பயன் கருதாது ஒரு வினாவைப் பத்தாண்டு தொடர அவருக்கு இடமளித்தது ஒரு பல்கலைக்கழகம். பட்டங்களின் தொழிற் பெறுமதியைக் கொண்டே பல்கலைக்கழகங்களை அளக்க முற்படுவோர், இச்சிறு மீனின் வரலாற்றையும் கணக்கிற் சேர்த்தல் தகும்.