மண்டகள்ளி - மீனம்பாக்கம்: எவ்வளவு நேரம்?

மைசூர் விஜயநகர்ல குடியிருக்கற நமக்கு ஏர்போர்ட்டுன்னா மண்டகள்ளிதான். அங்கேர்ந்து சென்னை மீனம்பாக்கம் நேர்கோட்டுல சுமார் 390 கிலோமீட்டர். ஏடிஆர் விமானத்துல ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அன்னிக்கு விமானம் இருந்தாத்தானே!

மகாராஜா காலத்து ஏர்போர்ட் அது. (ஓடுதளத்தோட நீளம் 1,740 மீட்டர்தான், சின்ன விமானத்துக்குத்தான் தோது.) 2010-ல புது முனையம் திறந்தாங்க. கிங்ஃபிஷர் பெங்களூருக்குப் பறந்துச்சு, அடுத்த வருஷமே நின்னுபோச்சு. உடான் திட்டத்துல ட்ரூஜெட் சென்னைக்கு விட்டது 2017-ல.

அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு போன் வந்ததோ 2012-ல, ராத்திரி ஒன்பது மணிக்கு. மண்டகள்ளியில பயணிகள் விமானமே இல்லாத வருஷம். காரை எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். பெங்களூர், கிருஷ்ணகிரி, வேலூர்... விடியக்காலைல ஆஸ்பத்திரி. அப்பா கண்ணைத் தொறந்து, "பஸ்லயாடா வந்தே?"ன்னார்.