எண்ணும் பெயரும்

2004இல் கென்யாவின் எல்டோரெட் நகருக்குச் சென்ற அமெரிக்க மருத்துவர்கள் பால் பியோன்டிச்சும் பர்க் மாம்லினும், எச்.ஐ.வி. நோயாளர் தொகை பெருகப் பெருக அங்கிருந்த கணினிப் பதிவேடு தாங்காது எனக் கண்டனர். அவர்கள் தொடங்கிய திறமூல மென்பொருளே ஓப்பன்எம்ஆர்எஸ். அது 2006இல் அந்நகரிலேயே பயன்பாட்டிற்கு வந்தது. பின்னர் பிரெஞ்சும் வழங்கிய ருவாண்டாவுக்குச் சென்றது.

மொழியியல் மாணவர் நோக்கத்தக்கது அதன் கருத்துரு அகராதி. நோய், மருந்து, சோதனை ஒவ்வொன்றும் அங்கு ஓர் எண். ஆங்கிலமும் பிரெஞ்சும் அவ்வெண்ணுக்கு இட்ட பெயர்கள். பொருள் வேறு, பெயர் வேறு என்று வகுப்பறையில் ஓயாது சொல்லிவந்தேன்; நிரலர்கள் அதைச் செய்தே காட்டிவிட்டனர்!

மூலநிரல் திறந்திருப்பதால் தமிழ்ப் பெயர் சேர்க்க எவரிடமும் இசைவு பெற வேண்டுவதில்லை. காய்ச்சல், சுரம் இரண்டும் ஓரெண்ணில் அடங்கும். இடர்ப்பாடு வேறிடத்தில்: ‘மயக்கமாக இருக்கிறது’ என்கிறார் நோயாளர். தலைச்சுற்றலின் எண்ணா, நினைவிழப்பின் எண்ணா?