அரசு அலுவலகத்தில் கோப்பு எரிந்தால் உங்கள் நிலத்துக்கு என்ன ஆகும்?

2024 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஆந்திராவில் மதனப்பள்ளி சப்-கலெக்டர் அலுவலகத்தில் தீப்பிடித்தது. நிலம் தொடர்பான கோப்புகள் வைத்திருந்த பகுதி எரிந்தது. மறுநாளே மாநில டிஜிபி ஹெலிகாப்டரில் வந்து இடத்தைப் பார்த்தார். இது விபத்தாகத் தெரியவில்லை என்று அவர் சொன்னார். மூன்று வருவாய்த் துறை அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள். வழக்கு பிறகு சிஐடி கைக்குப் போனது.

மதனப்பள்ளி 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். சித்தூர், திருப்பதி பக்கம் தாத்தா காலத்து நிலம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அதில் ஒருவர் நீங்கள் என்றால், சென்னையிலோ பெங்களூருவிலோ உட்கார்ந்துகொண்டு, "எல்லாம்தான் ஆன்லைன்ல இருக்கே, பேப்பர் எரிஞ்சா என்ன?" என்று கேட்கத் தோன்றும்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஆன்லைனில் இருப்பது ஒன்று, அந்த மாதிரி அறைகளில் இருப்பது வேறொன்று.

பதிவேடு வேறு, கோப்பு வேறு

ஆந்திராவின் 'மீ பூமி' இணையதளத்தில் அடங்கல், 1பி போன்ற நிலப் பதிவேடுகளைப் பார்க்கலாம். சர்வே எண், பரப்பு, பட்டாதாரர் பெயர் எல்லாம் அதில் வரும். இது முடிவு மட்டும்தான். கிரிக்கெட்டில் ஸ்கோர் போர்டு மாதிரி.

அந்த முடிவு எப்படி வந்தது என்பது கோப்பில் இருக்கும். யார் மனு கொடுத்தார், நேரில் போய்ப் பார்த்த விஆர்ஓ என்ன எழுதினார், எதிர்ப்பு வந்ததா, எந்தத் தேதியில் யார் கையெழுத்திட்டார் என்பதெல்லாம் அங்கேதான். பட்டாவில் ஒரு பெயர் நேற்று மாறியிருந்தால், இணையதளம் புதுப் பெயரைக் காட்டும். ஏன் மாறியது என்பதைக் கோப்புதான் சொல்லும். கோப்பு போய்விட்டால், தவறாக மாறிய பெயரும் சரியாக மாறிய பெயரும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஒரு தேதிக்கு இவ்வளவு மதிப்பா?

மதனப்பள்ளியில் எரிந்தவற்றில் '22ஏ' நிலங்கள் தொடர்பான கோப்புகளும் இருந்ததாக அப்போது சொல்லப்பட்டது. 22ஏ என்பது பதிவுச் சட்டத்தில் ஆந்திரா சேர்த்த பிரிவு. அரசு நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம், ஏழைகளுக்கு அரசு ஒதுக்கிய நிலம் போன்றவை இந்தத் தடைப் பட்டியலில் வரும். பட்டியலில் இருக்கும் வரை பத்திரப்பதிவு நடக்காது. வெளியே வந்தால் மறுநாளே விற்கலாம். அதனால் ஒரு சர்வே எண் பட்டியலுக்கு உள்ளேயா வெளியேயா என்பதில்தான் அதன் மார்க்கெட் விலையே இருக்கிறது.

ஏழைகளுக்கு ஒதுக்கிய நிலத்தை விற்கக் கூடாது என்று 1977-ல் ஆந்திரா சட்டம் போட்டது. 2023-ல் அதைத் திருத்தி, நிலம் ஒதுக்கி 20 ஆண்டு ஆகியிருந்தால் அசல் பயனாளிக்கு முழு உரிமை உண்டு என்று மாற்றினார்கள். 2024-ல் ஆட்சி மாறியதும், இப்படி விடுவித்த நிலங்களின் பதிவை நிறுத்திவைத்து மறு ஆய்வு தொடங்கியது.

இங்கே எல்லாமே ஒரு தேதியில் நிற்கிறது: நிலம் ஒதுக்கப்பட்டது எப்போது? அசல் பயனாளி யார்? இந்த இரண்டுக்கும் ஆதாரம் ஒதுக்கீட்டுக் கோப்பு.

இதேபோல 'சுக்கல பூமுலு' என்று ஒரு வகை உண்டு. தமிழில் சொன்னால் புள்ளி நிலங்கள். பிரிட்டிஷ் கால நிர்ணயப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் தெளிவாகாத இடத்தில் வெறும் புள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் புள்ளிகளைத் தீர்க்க ஆந்திரா 2017-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. பதிவேட்டில் ஒரு பெயர் எழுதப்படாமல் போனதற்கு இத்தனை தலைமுறை அலைச்சல்.

எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

மதராஸ் மாகாண காலத்து 'டாட்டன்ஹாம் முறை' வருவாய்த் துறை அலுவலகங்களில் வேரூன்றிய ஒன்று. வேலை முடிந்த கோப்புக்கு ஒரு முத்திரை விழும். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டியது. டி.டிஸ். என்றால் 10 ஆண்டு. எல்.டிஸ். என்றால் ஓர் ஆண்டு. அதன் பிறகு அழித்துவிடலாம். முத்திரை தப்பாக விழுந்தால், தீயே இல்லாமல் சட்டப்படி கோப்பு காணாமல் போகும்.

மத்திய அரசு ஆவணங்களுக்கு 1993-ன் பொது ஆவணங்கள் சட்டம் இருக்கிறது. விதிமீறி அழித்தால் 5 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் இது மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும்தான். உங்கள் பட்டா இருக்கும் தாலுகா, மண்டல அலுவலகம் மாநில அரசின் கீழ் வருவதால், இந்தச் சட்டம் அங்கே எட்டாது.

மாவட்டம் பிரிந்தால் கோப்பு எங்கே போகும்?

சித்தூர் மாவட்டம் உருவானது 1911-ல். அதற்கு முன் இதன் பெரும் பகுதி வட ஆற்காட்டில் இருந்தது. 1960-ல் எல்லை மாறி திருத்தணி அப்போதைய மதராஸ் மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரல் 4-ல் ஆந்திராவின் 13 மாவட்டங்கள் 26 ஆனபோது பழைய சித்தூர், சித்தூர், திருப்பதி, அன்னமய்யா என்று மூன்றாகப் பிரிந்தது. மதனப்பள்ளி அன்னமய்யாவுக்குப் போனது.

ஒவ்வொரு முறையும் கோப்புகளைப் பிரித்து, மூட்டை கட்டி, வண்டியில் ஏற்ற வேண்டும். அதனால் ஒரே கிராமத்தின் நில வரலாறு இன்று திருப்பதியில் கொஞ்சம், சித்தூரில் கொஞ்சம் என்று இருக்கலாம். மதராஸ் மாகாண வருவாய் வாரிய ஆவணங்களைப் பார்க்க சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குத்தான் வர வேண்டும். எது எங்கே போனது என்ற பட்டியல் இல்லாவிட்டால், எது தொலைந்தது என்பதும் தெரியாது.

ஸ்கேன் செய்தால் போதுமா?

போதாது. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் டேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த 'ஜி-டிரைவ்' அமைப்பில் இருந்த 858 டெராபைட் தரவு போய்விட்டது. அளவு பெரிது என்பதால் வெளியே பேக்கப் வைத்திருக்கவில்லை. முழுக்க டிஜிட்டல்தான், ஆனால் இன்னொரு இடத்தில் நகல் இல்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் திருமலையிலேயே இருக்கிறது. 13-ம் நூற்றாண்டில் யாதவராயர் காலத்தில் கோயில் கருவறையைப் புதுப்பித்தபோது, பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து, புதுச் சுவரில் மறுபடி பொறித்தார்கள். 10-ம் நூற்றாண்டுப் பல்லவ அரசி சாமவை கொடுத்த தானத்தின் விவரம் நமக்குக் கிடைத்திருப்பது இப்படித்தான். அழிப்பதற்கு முன் நகல் எடு என்பது அன்றைய கோயில் நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஆன்லைன் பிரிண்ட் அவுட்டோடு நிற்க வேண்டாம். பட்டா மாற்ற உத்தரவு, ஒதுக்கீட்டு உத்தரவு, புலப்பட வரைபடம் ஆகியவற்றுக்குச் சான்றிட்ட நகல் விண்ணப்பித்து வாங்குங்கள். அசல் அழிந்துபோனால் நீதிமன்றத்தில் கை கொடுப்பது இதுதான். வில்லங்கச் சான்றை முடிந்த அளவு பழைய தேதியிலிருந்து எடுங்கள். அது பதிவுத் துறையின் ஆவணம், வருவாய்த் துறையில் எரிந்தாலும் அங்கே இருக்கும்.

உங்கள் நிலம் தொடர்பான ஒவ்வொரு உத்தரவிலும் மேலே ஒரு கோப்பு எண்ணும் தேதியும் இருக்கும். அதைக் குறித்து வையுங்கள். எண் இல்லாமல் பழைய கோப்பைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை.

"ஃபைல் கிடைக்கல" என்று சொன்னால் அதோடு திரும்பிவிட வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஏ) பிரிவு, ஆவணங்களை அட்டவணையிட்டு வைப்பது அலுவலகத்தின் கடமை என்கிறது. கோப்பு காணவில்லை என்பது அந்தச் சட்டத்தில் தகவல் மறுக்க ஒரு காரணமே இல்லை. 2013-ல் டெல்லி உயர் நீதிமன்றமும், கோப்பு கிடைக்காவிட்டால் முழுமையாகத் தேடி, விசாரித்து, பொறுப்பு யாருடையது என்று கண்டறிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதனால் மனுவில் இரண்டு கேள்வி சேருங்கள்: இந்தக் கோப்பு கடைசியாக யாரிடம் இருந்தது? மறுபடி உருவாக்க என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?