சாவி இல்லாமல் திறந்த லாக்கர்

இந்தப் பக்கம் வந்து நாளாகிவிட்டது. ஊரில் அப்பாவுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய். புனேயிலிருந்து தினமும் ராத்திரி போன்தான். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. பி.எஸ்.ஏ. நன்றாக இறங்கியது, இரண்டு வருஷம் கழித்து மறுபடி ஏற ஆரம்பித்தது.

"ஊசி போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், பின்ன ஏண்டா ஏறுது? நிறுத்திரலாமா?" என்றார்.

பி.காம். படித்த பேங்க்காரனுக்கு என்ன தெரியும்? தேடிப் படித்தேன். பெற்றவர்களை ஊரில் விட்டு வந்த உங்களுக்கும் உதவலாம்.

1941-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும், விரையை நீக்கினாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ இந்தப் புற்றுநோய் அடங்குவதைக் காட்டினார்கள். ஆண் ஹார்மோன்தான் அதற்குத் தீனி. 1966-ல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு. ஹார்மோன் சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து வரும் உத்தரவின் அமைப்பை 1971-ல் ஆண்ட்ரூ ஷாலியின் குழு கண்டுபிடித்தது. அப்பாவின் ஊசி அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் பலருக்கு நோய் திரும்பியது. ஏன்?

எங்கள் பாஷையில் சொல்கிறேன். செல்லுக்குள் இருக்கும் ஆண்ட்ரோஜன் ஏற்பி ஒரு லாக்கர், டெஸ்டோஸ்டிரோன் சாவி. ஊசி சாவியைப் பிடுங்கிக்கொள்கிறது. 1994-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஸோரான் சூலிக் குழுவினர், ஐ.ஜி.எஃப்.-1 போன்ற வளர்ச்சிக் காரணிகள் சாவியே இல்லாமல் அந்த லாக்கரைத் திறப்பதைச் சோதனைக்கூடச் செல்களில் பார்த்தார்கள். அவை செல்லின் வெளிச்சுவரில் வேறொரு கதவைத் தட்டுகின்றன. உள்ளே கைனேஸ் என்சைம்கள் செய்தியைக் கைமாற்றி ஏற்பியிடம் சேர்த்துவிடுகின்றன.

இது ஒரு வழிதான். ஏற்பிகளைக் கூட்டிக்கொள்வது, ஹார்மோனைத் தானே தயாரிப்பது என்று புற்றுநோய்க்கு வேறு வழிகளும் உண்டு. வளர்ச்சிக் காரணிகளைத் தடுக்கும் மருந்துகள் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. கைகொடுத்தது லாக்கரையே கவனித்ததுதான். 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அபிராடெரோன் ஹார்மோன் தயாரிப்பை எல்லா இடத்திலும் நிறுத்துகிறது. 2012-ல் வந்த என்சாலுடமைட் ஏற்பியையே அடைக்கிறது. பெரும்பாலும் பழைய ஊசியும் கூடவே தொடரும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்ப ஊசி வீணில்ல. கள்ளன் வேற வழியா வாரான், அவ்வளவுதானே?"

"ஆமாப்பா. டாக்டரைக் கேக்காம எதையும் நிறுத்திராதீங்க."

அடுத்த வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். டாக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன்.